எண்ணூர்ப் பக்கம் கம்பெனி மானியம்: மன்றம் சார்பாக விண்ணப்பிக்கலாமா?

கத்திவாக்கம் கேரம்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பகுதியில் ஒரு இளைஞர் மன்றம் நடத்துகிறோம். பெரிய அமைப்பெல்லாம் இல்லை. ரேஷன் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, ரெண்டு கேரம் போர்டு, சாயங்காலமானால் மாநகராட்சித் திடலில் கால்பந்து, பரீட்சை நேரத்தில் பத்தாவது பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம். அவ்வளவுதான்.

பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து ஆள் வந்து ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். சுற்றுவட்டார மன்றங்கள், மகளிர் குழுக்கள் எல்லாம் மானியத்துக்கு விண்ணப்பிக்கலாமாம். தலைப்பு இரண்டு: இளைஞர் நலன், சுற்றுச்சூழல். சில லட்சம் வரை கிடைக்கும் என்கிறார். பசங்களுக்கு ஒரே குஷி. பாதிப் பேர் ஜிம் வேண்டும் என்கிறார்கள். மீதிப் பேர், இவர்கள் புகையைக் குடித்துத்தானே நமக்கு இருமல், இவர்களிடமே கையேந்துவதா என்கிறார்கள். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கிற மாதிரிதான் எனக்குத் தெரிகிறது. இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். வாங்கலாமா? வாங்குவதென்றால் என்ன கேட்கலாம்?

உப்பங்கழி:

வாங்காதீர்கள். என் பதில் இவ்வளவுதான். ஆனாலும் காரணம் சொல்லிவிடுகிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றில் இறங்கி முகத்துவாரம் வரை பரவியது. படகு, வலை, அலையாத்தி மரங்களின் அடித்தண்டு, நாரையின் இறக்கை எல்லாம் தார் பூசின மாதிரி ஆகிவிட்டது. முதல் சில நாள் அதை அள்ளியது யார்? நம் மீனவர்கள்தான், வெறுங்கையாலும் வாளியாலும். அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து நடுராத்திரியில் ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதற்கு முன்னால் 2017 ஜனவரியில் ரெண்டு கப்பல் மோதிக் கடற்கரையெல்லாம் எண்ணெய். அப்போதும் வாளிதான்.

இவ்வளவுக்கும் பிறகு நாலு டம்பெல்லும் ஒரு மரக்கன்றும் கொடுத்து உங்கள் வாயை அடைப்பார்கள். அடுத்த முறை ஆலை விரிவாக்கத்துக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும்போது உங்கள் மன்றத்துப் போட்டோவைத்தான் திரையில் காட்டுவார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:

உப்பங்கழி சொல்வதில் கோபம் நியாயமானது. முடிவில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. பல வருஷம் ஒரு நிறுவனத்தின் சி.எஸ்.ஆர்., அதாவது நிறுவனச் சமூகப் பொறுப்புப் பிரிவில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பக்கத்திலிருந்து இது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன்.

இது தருமப் பணம் இல்லை, அதை முதலில் மனதில் வையுங்கள். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாய், இந்த மூன்றில் எதையாவது எட்டிய நிறுவனம், கடந்த மூன்று ஆண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவழித்தே ஆக வேண்டும். இந்தப் பிரிவு 2014 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. செலவழிக்காமல் விட்டால், நடந்துகொண்டிருக்கும் திட்டத்துக்குரிய பணமாக இருந்தால் தனி வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும், இல்லையென்றால் அரசு குறிப்பிட்ட நிதிக்குப் போய்விடும். உங்களுக்குத் தராவிட்டால் அந்தப் பணம் முதலாளி பைக்குத் திரும்பாது, வேறு எங்கோ போகும். தாள் கொண்டுவந்த அந்த ஆளுக்கும் இலக்கு உண்டு. மார்ச் நெருங்க நெருங்க உங்களை விட அவருக்குத்தான் அவசரம். ஆகவே பல்லைக் காட்டிக் கேட்க வேண்டியதில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து பேசலாம்.

எந்தெந்த வேலைக்குச் செலவழிக்கலாம் என்று ஏழாவது அட்டவணை இருக்கிறது: சுகாதாரம், கல்வி, சுற்றுச்சூழல், விளையாட்டுப் பயிற்சி, குடிசைப்பகுதி மேம்பாடு என்று நீளும். ஆலை இருக்கிற வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

இன்னொன்று. வேறு சட்டப்படி அவர்கள் செய்தே தீர வேண்டிய வேலையை சி.எஸ்.ஆர். கணக்கில் எழுதக் கூடாது. விதியிலேயே விலக்கியிருக்கிறார்கள். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, கொட்டின எண்ணெயை அள்ளுவது, அனல்மின் நிலையச் சாம்பலை மூடி வைப்பது, சுற்றுச்சூழல் அனுமதியில் போட்ட பசுமை வளையம், இதெல்லாம் அவர்கள் கடமை. உங்கள் விண்ணப்பத்தில் ஆற்றைச் சுத்தம் செய்கிறோம் என்று நீங்களாகவே எழுதிக் கொடுத்தால், அவர்கள் செய்ய வேண்டியதை நீங்கள் மலிவு விலைக்குக் குத்தகை எடுத்த மாதிரி ஆகிவிடும்.

வடசென்னை கோல்கீப்பர்:

ஜிம் கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடற்காற்றில் திறந்தவெளி ஜிம் எத்தனை நாள் தாங்கும் என்று கடற்கரையோரப் பூங்காக்களில் ஒரு சுற்று போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். எங்கள் தெருமுனைப் பூங்காவில் கால்மிதி ஒரு பக்கம் கழன்று தொங்குகிறது, கைப்பிடி தொட்டால் துரு ஒட்டுகிறது, துணி காயப்போட மட்டும் நன்றாக உதவுகிறது. கல்வெட்டில் திறந்துவைத்தவர் பெயர் மட்டும் பளபளவென்று இருக்கிறது, கிரானைட் ஆச்சே.

டீச்சரம்மா:

நான் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன். இளைஞர் நலன் என்றதும் எல்லோரும் ஜிம்முக்கே போகிறீர்கள். நான் தினமும் பார்ப்பது வேறு.

ஒன்பதாவது படிக்கும் பையன் மத்தியானம் தூங்குகிறான். கேட்டால் ராத்திரி மூன்று மணி வரை போனில் கேம். திட்டினால் மறுநாள் வருவதில்லை. பெண் பிள்ளைகள் வயிற்று வலி, தலைவலி என்று வருவார்கள். கொஞ்ச நேரம் பேசினால் வீட்டுச் சண்டை, பரீட்சை பயம், காதல் தகராறு என்று வெளியே வரும். இவர்களிடம் உட்கார்ந்து பேச ஆள் இல்லை. கம்பெனி சார்பில் வருஷத்துக்கு ஒருநாள் மனநல முகாம் நடத்துகிறார்கள். பேனர், சால்வை, ஸ்லைடு, சாம்பார் சாதம். பேச வந்தவர் போன பிறகு, அன்றைக்கு அழ ஆரம்பித்த பிள்ளை யாரிடம் போவாள்? அதை யாரும் யோசிப்பதில்லை.

நீங்கள் கேட்பதானால் இதைக் கேளுங்கள்: வாரத்தில் ரெண்டு சாயங்காலம், அதே ஆள், அதே இடம், ஒரு முழு வருஷம். படித்த கவுன்சலராக இருக்க வேண்டும், சம்பளம் கொடுத்து வைக்க வேண்டும். கூடவே மன்றத்தில் பொறுப்பான நாலு பேருக்கு, யாரை எப்போது மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்கிற அளவுக்காவது பயிற்சி வேண்டும். ஆபத்து வேளைக்கு அரசின் டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது, தமிழிலும் பேசலாம், காசு கிடையாது. அதைக் கொட்டகைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். இதற்கு மானியம்கூட வேண்டாம், ஒரு டப்பா பெயிண்ட் போதும்.

அப்புறம், உங்கள் திடலில் பெண் பிள்ளைகள் விளையாடுகிறார்களா? உண்மையைச் சொல்லுங்கள் தம்பி.

கத்திவாக்கம் கேரம்:

அக்கா, உண்மையைச் சொன்னால் இல்லை. கேரம் ஆட வருகிறார்கள், திடலுக்கு வருவதில்லை. ஆறு மணிக்கு மேல் இருட்டு. கழிப்பறை பூட்டியே கிடக்கும். திடல் மூலையில் நிற்கிற ஆட்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

கேரத்தில் மட்டும் எங்கள் பக்கப் பெண்கள் விட்டுக்கொடுப்பதில்லை. புதுவண்ணாரப்பேட்டை காசிமா 2024-ல் அமெரிக்காவில் உலகப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கி வந்த பிறகு ஏழாவது படிக்கிற வாண்டுகள்கூட போர்டைப் பிடித்துக்கொண்டு விடுவதில்லை. பவுடர் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை.

டீச்சரம்மா:

அப்படியானால் விளக்கும் கழிப்பறையும்தான் உங்கள் இளைஞர் நலன். முதல் வரியில் அதை எழுதுங்கள்.

அலையாத்தி:

சுற்றுச்சூழல் பகுதியைப் பற்றி நான் சொல்கிறேன், கழிமுகப் பக்கம் தாவரக் கணக்கெடுப்பு வேலை பார்க்கிறேன்.

கம்பெனிக்காரர்கள் மரக்கன்று என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஆயிரம் கன்று, ஒரே நாள், ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள். அந்த ஆயிரம் என்னும் எண்ணுக்காகவே நடுவார்கள். ஜூனில் சென்னையில் மழை எங்கே இருக்கிறது? நமக்கு மழை அக்டோபரில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வருவது. ஜூன் வெயிலில் நட்டுத் தண்ணீர் ஊற்ற ஆள் போடாவிட்டால் ஆடி பிறப்பதற்குள் குச்சிதான் நிற்கும். சாலையோரம் பார்த்திருப்பீர்கள், பச்சை வலைக்கூண்டு, அதில் கம்பெனி பெயர்ப் பலகை, உள்ளே எருக்கஞ்செடி. கன்று செத்து எருக்கு தானாக முளைத்தது.

அதனால் சில கன்றுகள் போதும், ஆனால் மூன்று வருஷம் பார்த்துக்கொள்ள ஆள்கூலியும் தண்ணீர்ச் செலவும் கேளுங்கள். என்ன மரம் என்றால் உப்புக்காற்று தாங்குகிற பூவரசு, புன்னை, புங்கன், திடல் எல்லையில் பனை. பனை விதைக்குக் காசே வேண்டாம், பொறுமைதான் வேண்டும். கொன்றை வகைகளைப் பூ அழகுக்காகத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், உங்கள் காற்றுக்கு அது நிற்காது.

அலையாத்தி நடுகிறோம் என்று யாராவது ஆசை காட்டினால் கொஞ்சம் நிதானம். அது கன்று நடுகிற வேலை இல்லை, தண்ணீர் வேலை. ஓதம் ஏறி இறங்கும் இடத்தில் வெண்கண்டல் என்கிற அலையாத்தி வகை தானே முளைக்கும். ஏறாத இடத்தில் தங்கத்தைப் போட்டாலும் முளைக்காது. பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் பட்டுப்போன இடங்களை மீட்டது எப்படி? மீன்முள் மாதிரி ஒரு பெரிய வாய்க்காலும் இரு பக்கமும் கிளை வாய்க்காலும் வெட்டி முதலில் கடல்தண்ணீரை உள்ளே விட்டார்கள். பிறகு விதை. எண்ணூரில் சாம்பல் படிந்து மேடான இடத்தில், அந்தச் சாம்பலை எடுக்காமல் மேலே கண்டல் நட்டால் போட்டோவில் மட்டும்தான் காடு வரும். சாம்பலை எடுப்பது, கணக்குப்பிள்ளை சொன்ன மாதிரி, அதைக் கொட்டியவர் வேலை. ஆறும் கழிமுகமும் வனத்துறை, நீர்வளத்துறை, கடற்கரை ஒழுங்குமுறை விதி என்று பல கைகளில் இருக்கிறது, ஒரு மன்றம் தனியாக இறங்குகிற இடமும் இல்லை.

மணலி மூச்சு:

நான் கொஞ்சம் வேறு திசையில் இழுக்கிறேன். நலன், சுற்றுச்சூழல் என்று அவர்கள் ரெண்டு தலைப்பாகப் பிரித்திருக்கிறார்கள். நம் ஊரில் அது ரெண்டும் ஒன்றுதான். பையன் காலையில் ஐந்தரை மணிக்கு ஓடுகிறான் அல்லவா, அப்போது என்ன காற்றை இழுக்கிறான்?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-லேயே மணலியை மிக மோசமாக மாசடைந்த தொழிற்பகுதிகள் பட்டியலில் வைத்தது. காற்றில் பி.எம். 2.5 நுண்துகளுக்கு நம் நாட்டு வரம்பு ஒருநாள் சராசரியில் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரியில் 40. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் திருத்திய அளவு 15, 5. இது ரெண்டுக்கும் நடுவில்தான் நம் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். மணலியில் அரசின் தொடர் கண்காணிப்பு நிலையம் இருக்கிறது, சமீர் என்கிற ஆப்பில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மார்கழி, தை மாத விடியலில் குளிர்ந்த காற்று தரையோடு படிந்து புகையைக் கீழேயே அமுக்கி வைக்கும், வெயில் ஏறினால்தான் கலையும். அந்த மாதங்களில் காலை ஓட்டத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றினாலே நெஞ்சுக்குக் கொஞ்சம் இளைப்பாறல்.

என் யோசனை: திடலில் ஒரு காற்று அளவி வைக்கக் கேளுங்கள். ஒரு பலகை. இன்றைக்கு எவ்வளவு, விளையாடலாமா வேண்டாமா, பச்சை மஞ்சள் சிவப்பு. கூடவே ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு வருஷத்தில் இருமுறை மூச்சுப் பரிசோதனை. பிள்ளைகளே அளவை எழுதி வைப்பார்கள்.

கணக்குப்பிள்ளை:

மணலி மூச்சு, யோசனை பிரமாதம். ஆனால் தலைமை அலுவலகத்தில் அந்த வரியைச் சிவப்பு மையால் அடிப்பார்கள். தன் சுவருக்கு வெளியே தன் காசிலேயே அளவி வைக்க எந்த மேலாளரும் கையெழுத்துப் போட மாட்டார். எழுதிப் பாருங்கள், ஆனால் அதை நம்பி மற்றதை விட்டுவிடாதீர்கள்.

உப்பங்கழி:

பார்த்தீர்களா! இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன். நமக்கு எது தேவையோ அதை அடிப்பார்கள், டீ-சர்ட் என்றால் உடனே கையெழுத்து.

மணலி மூச்சு:

அடித்தால் அடிக்கட்டும் தோழர். எதை அடித்தார்கள் என்பது எழுத்தில் இருக்கும் அல்லவா? அளவியை மன்றமே சந்தா போட்டு வாங்கலாம், சின்ன வகை சில ஆயிரத்துக்குள் வருகிறது. அரசு நிலையத்து அளவுக்குத் துல்லியம் வராது, ஆனால் நேற்றைவிட இன்றைக்கு மோசமா என்று தெரிந்துகொள்ளப் போதும். அந்த ஒன்றை மட்டும் அவர்கள் காசில் வாங்காமல் இருப்பதே நல்லது என்று இப்போது தோன்றுகிறது. அளவு நம் கையில் இருக்கட்டும்.

கத்திவாக்கம் கேரம்:

எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். மன்றம் பதிவு செய்யவில்லை. தாளில் ஏதோ சி.எஸ்.ஆர்-1 என்று கேட்டிருக்கிறார்கள். அது என்ன?

கணக்குப்பிள்ளை:

அங்கேதான் பல மன்றங்கள் தடுக்கி விழும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

2021-ல் விதிகளைத் திருத்தினார்கள். அந்த ஏப்ரல் முதல், கம்பெனியின் பணத்தை வாங்கி வேலை செய்கிற அமைப்பு, கம்பெனி விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்-1 படிவம் போட்டுப் பதிவெண் வாங்க வேண்டும். அதற்கு நீங்கள் பதிவு பெற்ற சங்கமாகவோ, பொது அறக்கட்டளையாகவோ, லாப நோக்கில்லாத பிரிவு 8 நிறுவனமாகவோ இருக்க வேண்டும். வருமான வரித்துறையில் வரிவிலக்குப் பதிவும் நன்கொடைச் சலுகைப் பதிவும் (12ஏ, 80ஜி என்பார்கள்) வேண்டும். கம்பெனியே தொடங்கிய அமைப்பாக இல்லாதபட்சத்தில், அதே மாதிரி வேலையில் மூன்று ஆண்டு அனுபவமும் காட்ட வேண்டும். இன்றைக்குச் சங்கம் பதிந்தாலும் நாளைக்கு நேரடியாகப் பணம் வாங்க முடியாது என்பதுதான் இதன் பொருள். ஆனாலும் பதிந்து வையுங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி ஏழு பேர் இருந்தால் போதும். மூன்று வருஷத்தை எண்ண ஆரம்பிக்கலாம்.

இப்போதைக்கு வழி மூன்று. ஏற்கெனவே பதிவெண் உள்ள ஒரு அறக்கட்டளையோடு சேர்ந்து விண்ணப்பிப்பது. இதில் அவர்கள் பங்கு என்ன, உங்கள் பங்கு என்ன, யார் கையெழுத்தில் காசோலை போகும் என்று முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் விட்டால் பிறகு மனஸ்தாபம்தான். இல்லையென்றால் கம்பெனியே நேரடியாகச் செலவழிக்கச் சொல்வது: கோச் சம்பளத்தை அவர்கள் கொடுக்கட்டும், பந்தை அவர்கள் வாங்கித் தரட்டும், உங்கள் கையில் பணமே வராது. நிம்மதி. மூன்றாவது, கட்டடம், விளக்குக் கம்பம் மாதிரி நிலைத்த சொத்து என்றால் அதை மாநகராட்சி வழியாகச் செய்வது. திடல் மாநகராட்சியுடையது என்பதால் உங்கள் விளக்குக்கும் கழிப்பறைக்கும் இதுதான் வழி. சி.எஸ்.ஆர். பணத்தில் உருவாகிற சொத்து கம்பெனி பெயரில் இருக்கக் கூடாது; பதிவெண் உள்ள அமைப்பு, பயனாளிகள் குழு, மாநகராட்சி மாதிரி பொது அமைப்பு, இவற்றில் ஒன்றின் பெயரில் இருக்க வேண்டும் என்றே விதி. திருவொற்றியூர் மண்டல அலுவலகத்தில் முன்கூட்டியே தடையில்லாச் சான்று கேட்டு வையுங்கள். வார்டு கவுன்சிலரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவதும் நல்லது, பிறகு எனக்குத் தெரியாதே என்று முகத்தைத் தூக்கிக்கொள்வார்கள்.

சம்பளத்தைப் பற்றி ஒன்று. நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் கூடாது, அதனால் கவுன்சலர் சம்பளம், கோச் சம்பளம் எல்லாம் தர முடியாது என்று அந்த ஆள் சொல்வார். தவறு. அந்த 5 சதவீதம் கம்பெனியின் சொந்த சி.எஸ்.ஆர். அலுவலகச் செலவுக்கான வரம்பு. ஒரு திட்டத்தை நடத்த நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது. திட்டமே கோச் தருவதென்றால் கோச் சம்பளம் திட்டச் செலவுதானே? பலருக்கு, சில சி.எஸ்.ஆர். அதிகாரிகளுக்கே கூட, இது தெரியாது. மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள்.

கடைசியாக, ஒரு வருஷத் திட்டமாக எழுதாதீர்கள். நடந்துகொண்டிருக்கும் திட்டம் என்ற வகையில் கேட்டால், தொடங்கிய ஆண்டு போக மூன்று நிதியாண்டு வரை நீட்டலாம். அலையாத்தியின் மூன்று வருஷத் தண்ணீர்க் கூலிக்கும் டீச்சரம்மாவின் கவுன்சலருக்கும் அதுதான் பொருந்தும்.

தாழங்குப்பம்:

இதையெல்லாம் படித்தால் தலை சுற்றுகிறது. நான் கடலுக்குப் போகிறவன். எங்கள் பக்கம் யார் வாங்கவில்லை சொல்லுங்கள்? திருவிழாப் பந்தலுக்கு வாங்கினார்கள், வலைக்கூடத்துக்கு வாங்கினார்கள், கோயில் கும்பாபிஷேகத்துக்கு வாங்கினார்கள். மன்றத்துப் பசங்க வாங்கினால் மட்டும் மானம் போய்விடுமா? அதே சமயம் வாங்கினவர்கள் யாரும் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. எண்ணெய் வந்தபோது சாலை மறியலுக்கு அதே பந்தல் கமிட்டிதான் முன்னால் நின்றது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு நலன் என்றால் வேலை. ஆலை வாசலில் காண்டிராக்ட் கூலியாகவே நிற்கிறான், வெல்டிங் சான்றிதழ் இருந்தால் உள்ளே போவான். அதையும் சேருங்கள்.

உப்பங்கழி:

அண்ணே, பந்தலுக்கு வாங்குவது வேறு, அது ஒருநாள் கூத்து. இது ஒப்பந்தம். கையெழுத்துப் போடுகிற காகிதத்தில் என்ன இருக்கும் தெரியுமா? நிறுவனத்தின் நற்பெயருக்குக் குந்தகம் வரும்படி எதுவும் செய்யவோ பேசவோ கூடாது என்று ஒரு வரி இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு குழு அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மறுவருஷம் பக்கத்துத் தெருக் கிணற்றுத் தண்ணீர் நாறினபோது மனுக்கொடுக்கக்கூடப் பயந்தது. கம்பெனி பெயரைச் சொல்ல விரும்பவில்லை.

கணக்குப்பிள்ளை:

உண்மைதான், அந்த வரி பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. சட்டம் கேட்பதில்லை, வக்கீல்கள் பழக்கத்தில் போடுவது. கேட்டால் எடுப்பார்கள், நான் இருந்த இடத்திலேயே எடுத்திருக்கிறோம். எடுக்க மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள், இதில் மட்டும் நான் உப்பங்கழி பக்கம். அதோடு, மன்ற உறுப்பினர்கள் எந்த அரசு விசாரணையிலும், மக்கள் கருத்துக்கேட்பிலும், பசுமைத் தீர்ப்பாயத்திலும் தங்கள் கருத்தைச் சொல்வதை இந்த ஒப்பந்தம் தடுக்காது என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். போட்டோவுக்கும் ஒரு வரி: பிள்ளைகள் படத்தை எந்த அனுமதிக் கூட்டத்திலும் காட்டக் கூடாது.

உப்பங்கழி:

இந்த ரெண்டு வரியும் எழுத்தில் வந்தால் நான் எதிர்க்க மாட்டேன். நான் வாங்கவும் மாட்டேன், அது வேறு.

கத்திவாக்கம் கேரம்:

நேற்று கொட்டகையில் உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டோம். வாக்கெடுப்பில் விண்ணப்பிப்பது என்றே முடிவு. இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போனார்கள், ஞாயிற்றுக்கிழமை மேட்சுக்கு வந்துவிடுவார்கள் என்று நினைக்கிறேன்.

பட்டியல் இது. திடலுக்கு நாலு விளக்குக் கம்பம், கழிப்பறை பழுது பார்த்துத் திறந்து வைக்கப் பராமரிப்பு ஆள், வாரம் ரெண்டு நாள் கவுன்சலர், கால்பந்துக்குப் பெண் கோச் ஒருவர், வாழைப்பழம், முட்டை, கேரம் போர்டு நாலு, ஸ்ட்ரைக்கர், பவுடர், எல்லையில் நாற்பது மரம், அதற்கு மூன்று வருஷம் தண்ணீர், பசங்களுக்கு டீ-சர்ட், திறப்பு விழாவுக்குக் கொஞ்சம். வெல்டிங் பயிற்சியைத் தனி விண்ணப்பமாகப் போடச் சொன்னார்கள், தாழங்குப்பம் அண்ணன் கோபிக்க வேண்டாம்.

வடசென்னை கோல்கீப்பர்:

டீ-சர்ட்டை வெட்டுங்கள். முட்டையைக் கூட்டுங்கள். முதுகில் கம்பெனி பேர் போட்டு ஓடுவதற்குப் பதிலாக ஒரு முட்டை அதிகமாகத் தின்றுவிட்டு ஓடலாம்.

கணக்குப்பிள்ளை:

கோல்கீப்பர் விளையாட்டாகச் சொன்னாலும் அதில் சட்டமும் இருக்கிறது. தன் சரக்குக்கு விளம்பரம் தேடிக் கொடுக்கிற ஸ்பான்சர் காசு சி.எஸ்.ஆரில் சேராது. ஒருநாள் மாரத்தான், விருது விழா மாதிரி ஒற்றை நிகழ்ச்சிகளும் சேராது என்று 2014-லேயே அமைச்சகம் சுற்றறிக்கை விட்டது. திறப்பு விழாச் செலவையும் எடுத்துவிடுங்கள். அவர்களாக நடத்தினால் நடத்திக்கொள்ளட்டும்.

அலையாத்தி:

நாற்பது மரம் சரியான எண்ணிக்கை. அதிலும் வருஷா வருஷம் எத்தனை உயிரோடு இருக்கிறது என்று அறிக்கை தருவோம், செத்ததற்கு மறுகன்று வைப்போம் என்று எழுதுங்கள். நட்ட எண்ணிக்கையை எல்லோரும் எழுதுகிறார்கள், நிற்கிற எண்ணிக்கையை எழுதுகிறவர்களைப் பார்த்தால் அவர்களே ஆச்சரியப்படுவார்கள். நடுவது ஐப்பசியில். ஜூன் 5-க்கு அவர்கள் வற்புறுத்தினால் அன்றைக்குக் குழி மட்டும் வெட்டிப் போட்டோ எடுத்துக்கொள்ளட்டும்.

டீச்சரம்மா:

கவுன்சலர் உட்காரக் கொட்டகையில் மறைவான இடம் உண்டா? கேரம் போர்டுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தால் ஒரு பிள்ளையும் வாய் திறக்காது. பள்ளியில் ஒரு அறை சாயங்காலத்துக்குக் கிடைக்குமா என்று எங்கள் தலைமையாசிரியரிடம் நான் கேட்கிறேன். யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்ற விவரம் கம்பெனிக்குப் போகக் கூடாது. எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கை மட்டும் போதும். அதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

மணலி மூச்சு:

காற்று அளவிக்கு நான் ஆயிரம் தருகிறேன். மீதிக்கு உண்டியல் வையுங்கள்.

உப்பங்கழி:

என் பங்கு ஐநூறு. இதற்கு மட்டும்.

கத்திவாக்கம் கேரம்:

எல்லாம் சேர்த்து எழுதியாகிவிட்டது. கையில் பதிவெண் இருக்கிற ஒரு அறக்கட்டளையோடு பேசியிருக்கிறோம், ஒத்துக்கொண்டார்கள். ஒரே ஒரு விஷயத்தில் முட்டி நிற்கிறது: விளக்குக் கம்பத்தைக் கம்பெனி நட்டுக் கொடுக்கும் சரி, மாதா மாதம் கரண்ட் பில் யார் கட்டுவது? மின் இணைப்பு யார் பெயரில் வாங்குவது?

கணக்குப்பிள்ளை:

மன்றத்தின் பெயரில் வாங்கவே வாங்காதீர்கள். மானியம் முடிந்த மாதமே ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள். திடல் மாநகராட்சியுடையது, இணைப்பும் அவர்கள் பெயரில்தான் இருக்க வேண்டும். மண்டல அலுவலகத்தில் மின்பிரிவு உதவிப் பொறியாளரைப் பார்த்து, கம்பங்களைக் கம்பெனி ஒப்படைத்த பிறகு பராமரிப்பும் மின்கட்டணமும் மாநகராட்சி ஏற்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். அந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகு விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்புங்கள். எல்.இ.டி. விளக்கு போதும் என்று குறிப்பிடுங்கள், பில் குறையும் என்றால் அவரும் சீக்கிரம் கையெழுத்துப் போடுவார். காலையில் பத்தரைக்குள் போய்விடுங்கள், அதற்கு மேல் சைட்டுக்குக் கிளம்பிவிடுவார்.